ஒஹ்ரிட்டில் அக்கா போன சாவு வீடு

மாசிடோனியாவுக்குப் போகிறோம் என்று சொன்னதும், மலேசியாவில் ஈப்போப் பக்கம் நாங்கள் இருக்கிற சிலிபினில் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். காய்கறிக்காரர், "அது எங்க இருக்கு, ஆப்பிரிக்காவா?" என்றார். கோயிலில் ஒரு அம்மா, "ஐரோப்பான்னா லண்டன் போவாங்க, பாரிஸ் போவாங்க. நீங்க என்னா லா, பேரே கேக்காத ஊருக்குப் போறீங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டார். எனக்கு வந்ததே கோபம். "பேரே கேக்காத ஊருன்னா விலையும் கம்மி, கூட்டமும் கம்மி," என்றேன். உண்மையைச் சொன்னால் நானும் அதை வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடித்தேன். கிரேக்கத்துக்கு மேலே, அல்பேனியாவுக்குப் பக்கத்தில், கடற்கரையே இல்லாமல் மலைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிற ஒரு சின்ன நாடு. என் மகள் இணையத்தில் பார்த்து, ஈப்போவிலிருந்து கிளம்பும் ஒரு குழுவில் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் பிடித்துக் கொடுத்தாள்.

இரண்டு பேர் என்றால் நானும் என் அக்காவும். என் வீட்டுக்காரர், "நான் வீட்டப் பாத்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க," என்று பெரிய தியாகி மாதிரி சொன்னார். ரிமோட் கண்ட்ரோல் பத்து நாளைக்குத் தன் கையில் இருக்கும் என்கிற சந்தோஷம் அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அப்போது இருந்த கவலையெல்லாம் அக்காவைப் பற்றித்தான்.

அக்காவின் புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். கோவிட் ஊரடங்கு நேரத்தில் அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அக்காவுக்கும் அதே நோய் என்று வேறொரு இடத்தில் தனியாக வைத்திருந்தார்கள். என் வீட்டிலும் எல்லாருக்கும் காய்ச்சல், வாசலைத் தாண்டக் கூடாது. அவர்கள் மகன் ஜொகூரில் இருந்தான், மாநில எல்லையைத் தாண்ட முடியவில்லை. கடைசியில் மாமாவை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று போனில்தான் சொன்னார்கள். யார் மேலும் குறை சொல்ல முடியாது, அந்தக் காலம் அப்படி. நான் அக்காவுக்குப் போன் செய்து சொன்னபோது அந்தப் பக்கத்திலிருந்து, "ம், சரி," என்றாள். அவ்வளவுதான்.

அவள் அழவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்தபோதும் அழவில்லை. மாமாவின் சட்டைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அலமாரியில் மாட்டி வைத்தாள். தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிறவர், "அண்ணே இல்லியா?" என்று கேட்டால், "வெளியே போயிருக்காரு," என்பாள். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். கொஞ்ச நாள் வருஷக் கணக்காகிவிட்டது. அவள் சமைத்தாள், சாப்பிட்டாள், கோயிலுக்கு வந்தாள், சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போட்டாள். ஆனால் புருஷன் செத்துப்போனார் என்கிற வார்த்தை மட்டும் அவள் வாயிலிருந்து வரவே இல்லை.

இதில் எனக்குத் தாங்க முடியாதது எது தெரியுமா? சிலிபினில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவள் இவள்தான். நாங்கள் ஈப்போவுக்கு வெளியே லகாட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அங்கே கல்யாணத்துக்குத்தான் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள், சாவுக்கு யாரும் அழைக்க மாட்டார்கள். காதில் விழுந்தால் போக வேண்டும், பேச்சுவார்த்தை இல்லாத வீடாக இருந்தாலும் போக வேண்டும். அக்கா அதை டவுனுக்கு வந்த பிறகும் விடவில்லை. சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் பெரிய பிளாஸ்க்கில் கோப்பி ஓ, பால் விடாத காப்பி, கலந்து எடுத்துக்கொண்டு போவாள். கிழவிகளுக்குச் சமமாக உட்கார்ந்து ஒப்பாரி வைப்பாள். அப்படிப்பட்டவள் வீட்டுச் சாவுக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. அதற்குப் பிறகு அவளும் எந்தச் சாவு வீட்டுக்கும் போகவில்லை. எதிர் வீட்டு அண்ணன் தவறிப்போனபோது அக்கா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்றைக்குத்தான் இவளை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போயே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சரி, ஊரைப் பற்றிச் சொல்கிறேன். இஸ்தான்புல்லில் விமானம் மாறி ஸ்கோப்பியேவில் இறங்கினோம். அங்கிருந்து வேனில் மலைகளைச் சுற்றிச் சுற்றி ஒஹ்ரிட் என்கிற ஏரிக்கரை ஊர். குழுவில் மற்ற எல்லாரும் ஈப்போச் சீனர்கள், நல்ல மாதிரியானவர்கள். எங்களைத் தவிர தமிழ் பேச ஆளில்லை. கைடாக வந்தது உள்ளூர்ப் பெண், இருபத்தைந்து வயசு இருக்கும், ஆங்கிலம் சரளமாகப் பேசினாள், சிரித்த முகம்.

ஏரி என்றால் நான் என்னவோ எங்கள் ஊர்ப் பூங்காவில் இருக்கிற தாசிக், அந்தச் சின்னக் குளம், மாதிரி நினைத்துக்கொண்டேன். அம்மாடி! அக்கரை புகையாகத் தெரிகிறது. அது அல்பேனியா என்றாள் கைடு. தண்ணீர் அவ்வளவு தெளிவு, காலுக்குக் கீழே கூழாங்கற்களைப் பார்க்கலாம். கரையிலிருந்து ஊர் செங்குத்தாக மேலே ஏறுகிறது. கல் பாவிய சந்துகள், மரத்தால் ஆன மாடி வீடுகள், மாடி மட்டும் தெருப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்கு வீடு திராட்சைப் பந்தல். நான் பார்க்கிற இடமெல்லாம் படம் எடுத்தேன். அக்கா எல்லாப் படத்திலும் அடையாள அட்டைக்கு நிற்பவள் மாதிரி நின்றாள். "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கு," என்பாள். ஏரியும் நல்லாத்தான் இருந்தது, கோட்டையும் நல்லாத்தான் இருந்தது, வறுத்த மீனும் நல்லாத்தான் இருந்தது. இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்ததற்கு இந்த ஒரு வார்த்தைதானா என்று எனக்கு அலுத்துப்போயிற்று.

பாறை மேல் ஒரு சின்னத் தேவாலயம் இருந்தது. உள்ளே மெழுகுவத்தி ஏற்ற மணல் பரப்பிய தட்டுகள், மேலே ஒன்று, கீழே ஒன்று. உயிரோடு இருக்கிறவர்களுக்காக ஏற்றுவது மேல் தட்டில், இறந்தவர்களுக்காக ஏற்றுவது கீழ்த் தட்டில் என்று கைடு சொன்னாள். நாங்கள் எந்தச் சாமியையும் விடுகிற ஆள் இல்லை, ஆளுக்கு ஒன்று வாங்கினோம். நான் என் பிள்ளைகளை நினைத்து மேலே வைத்தேன். அக்கா மெழுகுவத்தியைப் பற்ற வைத்து, மாமாவின் பேரை முணுமுணுத்து, அதையும் மேல் தட்டிலேயே நட்டாள். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கோயில் என்பதால் வெளியே வந்துவிட்டேன்.

திரும்பி இறங்கும்போதுதான் அந்த நோட்டீஸ்களைக் கவனித்தேன். விளக்குக் கம்பம், மரம், பஸ் நிற்கிற இடம், எங்கே பார்த்தாலும் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கறுப்புக் கரை போட்ட தாள், ஒரு முகம், கீழே எங்களுக்குப் புரியாத எழுத்து. எலெக்‌ஷன் என்று நினைத்தேன். "என்னா லா இந்த ஊர்ல நிக்கிறவங்க எல்லாருமே தாத்தாவா இருக்காங்க?" என்று சத்தமாகவே சொன்னேன். கைடு விழுந்து விழுந்து சிரித்தாள். அது சாவு அறிவிப்பாம். யாராவது இறந்தால் படம் போட்டு, எந்த வீடு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று அச்சடித்து ஊர் முழுக்க ஒட்டிவிடுவார்களாம். எங்கள் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வருமே, அது இங்கே கம்பத்தில்.

அக்கா திடீரென்று, "இத ஒட்டிட்டா போதுமா? தனியாக் கூப்பிட மாட்டாங்களா?" என்று கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன்.

"சாவுக்கு யாராவது கூப்பிடுவார்களா?" என்றாள் கைடு. "படிக்கிறவர்கள் வருவார்கள்."

அக்கா அந்தத் தாளை நின்று பார்த்தாள். வெள்ளை மீசை வைத்த ஒரு பெரியவர், சட்டைப் பையில் பேனா. கைடு எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினாள். இன்றைக்குத்தான் எடுக்கிறார்கள், மத்தியானத்துக்கு மேல், இதே தெரு ஏற்றத்தில் பச்சைக் கதவு போட்ட வீடு என்று கையை நீட்டியும் காட்டினாள். பிறகு எல்லாரும் நடந்தோம். நான் அதை அப்போதே மறந்துவிட்டேன்.

மறந்ததற்குக் காரணம் முத்து. ஒஹ்ரிட்டில் மீன் செதிலை அரைத்துப் பூசி முத்து செய்கிறார்கள், கடைக்குக் கடை தொங்குகிறது. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் கடை பார்க்கலாம், அப்புறம் படித்துறையில் வேன் நிற்கும் என்று கைடு விட்டுவிட்டாள். நான் ஒரு கடைக்குள் நுழைந்தேன். மருமகளுக்கு ஒரு மாலை, மகளுக்கு ஒரு தோடு. கடைக்காரரோடு கையாலும் விரலாலும் பேரம். பக்கத்து நாற்காலியில் அக்காவை உட்கார வைத்திருந்தேன். பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலியாக இருந்தது.

முதலில் பதறவில்லை. பக்கத்துக் கடையில் இருப்பாள் என்று பார்த்தேன். இல்லை. அதற்கடுத்த கடை. இல்லை. டாய்லெட் பக்கம் போயிருப்பாளோ என்று தேடினேன். படித்துறைக்கு ஓடினேன், வேனில் சீன ஆன்ட்டி ஒருவர் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பதறினேன். அக்காவின் போனில் இந்த ஊர் சிம் கார்டு இல்லை. ஆங்கிலம் சுமார்தான் வரும். சர்க்கரைக்காரி, காலையில் அரை ரொட்டி தின்று மாத்திரை போட்டிருக்கிறாள், மிட்டாய் டப்பா என் பையில் இருக்கிறது. ஈப்போவில் ஒரு கிளினிக் கவுண்டரில் காலமெல்லாம் உட்கார்ந்திருந்தவள் நான். சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! இங்கே ஏதாவது ஒரு சந்தில் விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்? அதைவிட மோசமான ஒரு நினைப்பும் வந்தது. அந்தக் கரையும் அந்தத் தண்ணீரும் என் கண்ணில் பட்டபடியே இருந்தன. அவள் இருந்த இருப்புக்கு எதுவும் செய்துவிடுவாளோ என்று நினைத்த அந்தக் கொஞ்ச நேரம் என் எதிரிக்கும் வரக் கூடாது.

கைடு ஓடி வந்தாள். இரண்டு பேரும் கரை ஓரமாக ஒரு தடவை போய்வந்தோம். அவள் போலீசுக்குப் போன் செய்யட்டுமா என்றாள். நான் ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். என் மூக்குக்கு நேரே அந்த வெள்ளை மீசைக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மண்டையில் பொறி தட்டியது.

"ஐயோ, இவ போனாலும் போயிருப்பாளே!" என்று தமிழில் கத்திவிட்டு, கைடின் கையைப் பிடித்து இழுத்தேன். "அந்த வீடு. பச்சைக் கதவு. கூட்டிக்கொண்டு போ."

"அந்தக் குடும்பத்தை உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் அவள்.

"தெரியாது. தெரியத் தேவையில்லை," என்றேன்.

இரண்டு பேரும் ஏற்றத்தில் ஓடினோம். பச்சைக் கதவு திறந்தே இருந்தது. முற்றத்தில் ஆண்கள் கூட்டமாக நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் சப்பாத்தைக் காலில் போட்டபடியே உள்ளே போய் வருகிறார்கள். சுவர் ஓரமாக ஒரே ஒரு ஜோடி மட்டும் கழற்றி ஒழுங்காக வைத்திருந்தது. அக்காவின் வெள்ளைச் சப்பாத்து! எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதே நொடியில் கோபமும் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் எங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள், வரட்டும், காதைத் திருகுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அறை நடுவே திறந்த பெட்டியில் அந்தப் பெரியவர் படுத்திருந்தார். சுற்றி நாற்காலிகளில் கறுப்பு உடுத்திய பெண்கள். அவர்களுக்கு நடுவே கிளிப்பச்சைச் சுடிதாரில் என் அக்கா. அவள் அழுதுகொண்டிருந்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டு விம்முகிற அழுகை இல்லை. மாரில் அடித்துக்கொண்டு, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, எங்கள் தோட்டத்தில் அழுவார்களே, அந்த அழுகை.

"ஒத்த ஆளு வரலியே என் ராசா! தூக்க நாலு பேரு இல்லியே! பாத்துப் பாத்துச் சோறு போட்டேனே, ஒரு வாய் அரிசி போட வுடலியே!"

பக்கத்தில் ஐம்பது வயசுப் பெண் ஒருத்தி, இறந்தவரின் மகளாம், அக்காவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தன் மொழியில் என்னவோ சொல்லி அழுதாள். ஒரு வார்த்தை இவளுக்கு அவள் பேச்சில் புரியாது, அவளுக்கு இவள் பேச்சில் புரியாது. ஒருத்தி மூச்சு வாங்கும்போது இன்னொருத்தி எடுத்தாள். மற்றப் பெண்களும் முந்தி அழுதவர்கள்தான் போல, இப்போது மறுபடியும் கைக்குட்டையை எடுத்தார்கள். யாரும் அக்காவை, நீ யார் என்று கேட்டதாகத் தெரியவில்லை.

நான் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று இருந்தது. ஒரு சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு இப்படி நினைப்பது பாவம் என்று தெரியும், ஆனாலும் அதைத்தான் நினைத்தேன். அழு, நல்லா அழு என்று மனசுக்குள்ளே சொல்லிக்கொண்டேன். கைடு என் பக்கத்தில் குந்தி, மெதுவாக, "உங்கள் அக்காவுக்கு இவர் யார்?" என்று கேட்டாள். நான் மாமாவைப் பற்றிச் சொன்னேன். ஊரடங்கு, ஆஸ்பத்திரி, போன், எல்லாம். அவள் எழுந்து போய் அந்த மகளின் காதில் சொன்னாள். மகள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் அக்காவின் முகத்தைப் பிடித்து, நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

எடுக்கிற நேரம் வந்தது. ஆண்கள் உள்ளே வந்து பெட்டியைத் தூக்கினார்கள். அக்கா எழுந்து நின்று, எங்கள் வழக்கப்படி இரண்டு கையையும் கூப்பினாள். பெட்டி வாசலைத் தாண்டியதும் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், யாரையும் பார்க்காமல், விறுவிறு என்று வெளியே வந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்து, "வா, போலாம்," என்றாள். நானும் பின்னால் நடந்தேன். பாதிச் சந்து இறங்கியிருப்போம், பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம். அந்த மகள், கையில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், முகமெல்லாம் கலவரம். அப்பாவின் பெட்டிக்குப் பின்னால் போக வேண்டியவள் எங்களுக்குப் பின்னால் வருகிறாள்! அவள் மூச்சு வாங்கச் சொன்னதைக் கைடு எங்களுக்குச் சொன்னாள்.

"நாங்கள் ஏதாவது தப்பாக நடந்துகொண்டோமா என்று கேட்கிறார். விருந்தாளி சொல்லாமல் போய்விட்டாரே, மனசு புண்பட்டதா என்று கேட்கிறார்."

அக்கா எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "சாவு வூட்ல போயிட்டு வாரேன்னு சொல்வாங்களா? நீ சொல்லுடி. நான் அவங்ககிட்டப் பேசக் கூடாது."

நான் கைடுக்கு விளக்கினேன். எங்கள் ஊரில் சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லிக்கொள்ள மாட்டோம், போய் வருகிறேன் என்றால் அந்த வீட்டுக்கு இன்னொரு தடவை இதற்காகவே வருவதாக ஆகிவிடும், சொல்லாமல் போவதுதான் மரியாதை என்று. கைடு அதை மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அந்தப் பெண்ணின் முகம் மாறியது. கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். கிண்ணத்தை என் கையில் திணித்தாள். அவித்த கோதுமை, சர்க்கரையும் பொடித்த வால்நட்டும் கலந்தது, வந்தவர்களுக்கு அதைக் கொடுப்பது அவர்கள் முறையாம். பிறகு அவளும் ஒன்றும் சொல்லாமல் திரும்பி ஏற்றத்தில் ஓடினாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் காய்ந்த துணியோடு ஓட்டலுக்குப் போயிருப்பேன். படித்துறையில் எல்லாரும் வேனுக்குள் உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருந்தார்கள். டிரைவர் கதவைத் திறந்தார். அக்கா ஏறவில்லை.

"ஏறுக்கா, எல்லாரும் பசியோட இருக்காங்க."

"சாவு வூட்டுக்குப் போயிட்டு அப்படியே காடியில ஏறுவாங்களா? நாலு பேரு உக்கார்ற எடம்."

"ஓட்டல்ல போயி குளிச்சுக்கலாம்லா."

"ஓட்டல் மட்டும் நாலு பேரு இருக்கிற எடம் இல்லியா? தலைக்கு ஊத்தாம நான் எங்கயும் வரல."

சொல்லிக்கொண்டே பையை என் கையில் கொடுத்தாள், சப்பாத்தைக் கழற்றினாள், கிளிப்பச்சைச் சுடிதாரோடு படியில் இறங்கி ஏரிக்குள் நடந்தாள். வேனுக்குள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றதில் வண்டியே ஆடியது. கைடு, "நோ, நோ, மேடம்!" என்று கத்தினாள். நான், "ஒண்ணும் இல்ல, குளிக்கிறாங்க, இது எங்கள் பழக்கம்," என்று ஆங்கிலத்தில் அவர்களுக்குச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்குப் போட்டுவிட்டாள். எழுந்தாள். மறுபடியும் முழுகினாள். மூன்றாவது முழுக்கில் கொஞ்சம் அதிக நேரம் உள்ளே இருந்தாள், நான் படி விளிம்புக்கு ஓடிவிட்டேன். தலை மேலே வந்தது. முகத்தை வழித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னா நிக்கிற? நீயும் தானே உள்ள வந்த? எறங்கு."

"ஐயோ, நான் நெலப்படியோட நின்னுட்டேன்கா."

"நெலப்படி வூடு இல்லியா? எறங்குடி!"

இந்த வயசில், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, நானும் இறங்கினேன். அடேயப்பா, என்ன குளிர்! வெயில் நன்றாகத்தான் அடித்தது, ஆனால் அந்தத் தண்ணீர் எலும்புக்குள்ளே போயிற்று. நான் போட்ட கூச்சலில் கரையில் நடந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். அக்கா என் தலையில் கையை வைத்து அமுக்கினாள், மூன்று தடவை, ஒன்றுகூடக் குறைக்காமல். கடைசி முழுக்கில் தண்ணீர் மூக்கில் ஏறி நான் தும்மிக்கொண்டே எழுந்தேன். அக்கா சிரித்தாள். பல் தெரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கடைசியாகக் கேட்டது மாமா இருந்தபோது. எனக்குக் கோபம், குளிர் எல்லாம் போய், இனிமேல் பயமில்லை என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

சீன ஆன்ட்டி வேனிலிருந்து இரண்டு பெரிய துண்டுகளை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "எங்கள் பக்கத்திலும் சாவு வீட்டிலிருந்து வந்தால் பூவிதழ் போட்ட தண்ணீரில் முகம் கழுவுவோம்," என்று டிரைவரிடமும் கைடிடமும் எங்களுக்காக வாதாடினார். யாரும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. பசியோடு இருந்தவர்கள் பக்கத்துக் கடையில் ரொட்டி வாங்கித் தின்றுகொண்டே, வெயிலில் நாங்கள் காய்வதற்காகக் காத்திருந்தார்கள்.

நானும் அக்காவும் துண்டைப் போர்த்திக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தோம். எனக்குப் பல் தந்தியடித்தது. கோதுமைக் கிண்ணத்தைக் கொடுத்தேன். குளித்தாயிற்று, இனி சாப்பிடலாம் என்று வாங்கி, கையாலேயே அள்ளித் தின்ன ஆரம்பித்தாள். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான். இன்றைக்கு ஒருநாள் பரவாயில்லை என்று நான் விட்டுவிட்டேன். பாதிக் கிண்ணம் ஆனதும் அக்கா ஏரியைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஊருக்குப் போன ஒடனே ஒரு படையல் போடணும். பெரிசா. பந்தல் போட்டு."

"போடலாம்கா."

"அன்னிக்கு வர முடியாதவங்க எல்லாரும் வரட்டும். சிலிபின்ல ஒரு வூடு வுடாத. தோட்டத்து ஆளுங்க எங்க எங்க இருக்காங்களோ, பாரிட் புந்தார்ல இருக்காங்களே, அவங்களையும் கூப்பிடு."

"சரி. நாளைக்கே ஜொகூருக்கு ஒம் மகன்கிட்டச் சொல்றேன். எல்லாருக்கும் போன் போடட்டும்." சொல்லிவிட்டு, எனக்குள் பயம் இருந்தாலும், கேட்டே விட்டேன். "என்னான்னு சொல்லிக் கூப்பிடச் சொல்லட்டும்கா?"

அக்கா என்னைப் பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். விரலில் ஒட்டியிருந்த கோதுமையை வழித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"எம் புருஷன் செத்துப்போயிட்டாருன்னு சொல்லச் சொல்லு. வேற என்னான்னு சொல்லுவாங்க?"